தாங்கக்கூடிய வலி

கீழ்க் கீலின் கடைசித் திருகு மட்டும் அசைய மறுத்தது. வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதன் தலைக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அந்தப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கதவு சாய்ந்துவிடாமல் தங்கை அதை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

காலையில் அப்பாவை இந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். நடை குறுகலானது. ஸ்ட்ரெச்சரைத் திருப்பும்போது அது கதவில் இடித்தது. அப்பா கண்ணைத் திறந்து, "கதவு, கதவு" என்றார். தனக்கு வலித்துச் சொன்னாரா, கதவுக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அவரைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள். இன்னொரு முறை எங்கும் இடிக்கக் கூடாது என்று அவன் கதவையே கழற்ற ஆரம்பித்திருந்தான். கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்றும் இருந்தது.

"அண்ணா."

"ம்."

"காலையில போன் பண்ணினியே, என்னென்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க குட்டி."

"எல்லாம்னா? வரிசையாச் சொல்லு."

வேறு யாராவது இந்த நேரத்தில் இப்படிக் கேட்டிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளை எழுதியவளே அவள்தான். நகரம் முழுவதற்குமான ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. எந்த வீட்டுக்கு எந்த வண்டி முதலில் போக வேண்டும் என்பதை ஒரு படிப்பாகவே வெளிநாட்டில் படித்தாள். அங்கேயே வேலையும் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, இங்கே ஒரு பழைய கட்டடத்தில், மின்விசிறி கடகடவென்று ஓடும் அறையில் உட்கார்ந்தாள்.

"பேரு, முகவரி. எங்க வலிக்குது. எப்போலேருந்து. மூச்சு விட முடியுதா. வேர்க்குதா."

"அப்புறம்?"

"அப்புறம்... அது."

"எது?"

"தாங்கக்கூடிய வலியா, தாங்க முடியாத வலியான்னு."

"நீ என்ன சொன்னே?"

திருகு ஒரு சுற்று சுற்றியது. அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"தாங்க முடியலைன்னுதான் சொன்னேன்."

கதவின் மேல் தங்கையின் விரல்கள் இடம் மாறின. "அப்படின்னா எதுக்குப் பின்வரிசையில போட்டாங்க?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டாள்.

அந்தப் பின்வரிசை என்ன என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாங்க முடியாத வலி என்றால் பக்கத்தில் இருக்கும் வண்டி உடனே கிளம்பும். தாங்கக்கூடிய வலி என்றால், அவசரக்காரர்களை இறக்கிவிட்டு வரும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அப்பா காத்திருந்தார்.

திருகு கையோடு வந்தது. இருவரும் கதவைத் தூக்கி நடைச் சுவரில் சாய்த்தார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அவளுடைய அலுவலகக் குரல் கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாத, எதிரில் இருப்பவரைப் பதற வைக்காத குரல்.

"காலையில எங்க வீட்டு அழைப்பை எடுத்தது யாரு?... புதுசா வந்தவங்களா?... ஆமா, பின்வரிசையில குறிச்சிருக்காங்க... இல்ல, திட்ட வேண்டாம். ஆனா விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அவங்களை போன்ல உட்கார வைக்காதீங்க."

அவன் கையிலிருந்த திருகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பொய் இவ்வளவு வேகமாக வெளியே போய், முகம் தெரியாத ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

அவன் தாங்க முடியவில்லை என்று சொல்லவில்லை.

காலையில் அப்பா சாப்பாட்டு மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "வாயுதான். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார். அம்மாதான், "நீ வண்டியைக் கூப்பிடுப்பா. அவர் முகமே சரியில்ல" என்றாள். அவன் கூப்பிட்டான். போனில் அந்தப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அப்பாவிடம் திருப்பிக் கேட்டான்.

கடைசிக் கேள்விக்கு அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகமான டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுபோல யோசித்தார்.

"தாங்கலாம்னு சொல்லு."

"அப்பா, நிஜமாவா?"

"உட்கார்ந்து பேசிக்கிட்டுதானே இருக்கேன்? நம்ம பொண்ணு ஆபீசு. நாமளே பொய் சொன்னா எப்படி?"

"அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"வேலை நேரத்துல அவளை எதுக்குத் தொந்தரவு பண்றே? அவ பேரையும் இழுக்காதே. வரிசைப்படி வரட்டும்."

அவன் போனை வாயருகே கொண்டுபோய், "தாங்கலாம்னு சொல்றார்" என்றான்.

இதில் அப்பாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கேள்வி பிறந்ததே அதே மேசையில்தான். வெளிநாட்டில் வலியை எண்ணில் கேட்பார்களாம். இங்கே சொல்லில் கேட்க வேண்டும் என்று தங்கை பல நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், "சகிக்கக்கூடிய வலியா" என்று வாசித்துக் காட்டினாள். அப்பா சிரித்துவிட்டார். "யாரும்மா வீட்டுல அப்படிப் பேசுறாங்க? சகிக்கலைன்னா, உங்க அண்ணன் பாட்டைத்தான் சொல்றாங்கன்னு நினைப்பாங்க. தாங்க முடியுதா முடியலையான்னு கேட்டுட்டுப் போ." அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அப்பாவுக்கு அன்று முழுவதும் ஒரே பெருமை.

இன்னொரு நாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "பல் வலிக்கு உயிர் போகுதுன்னு சொல்லி ஒருத்தர் வண்டியை வரவழைச்சுட்டார்ப்பா. அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவுல ஒரு குழந்தைக்கு வலிப்பு. அனுப்ப வண்டி இல்ல. பொய் சொல்லிப் பிடிச்சு வச்சுக்கிறாங்க." அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியுமா செய்யுறாங்க?" என்றார். அதன் பிறகு எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "அனாவசியமா ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். தெருவில் அவரைப் பார்த்ததும் சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் இன்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது.

மத்தியானம் அப்பா வந்தார். கதவில்லாத வாசல் வழியாக எதிலும் இடிக்காமல் வந்தார். கூடத்தில் கட்டிலைப் போட்டு வைத்திருந்தார்கள். நாற்காலிகள் கீழ்வீட்டிலிருந்து வந்தன. அவற்றைத் தூக்கிவந்த தையல்காரர் அப்பாவுடன் தினமும் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிக்கிறவர். அப்பாவின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போர்வையின் மடிப்பை நேராக இழுத்துவிட்டார். ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றி அறுத்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அத்தை வந்ததும் வீட்டில் சத்தம் வந்தது. அப்பாவின் ஒரே தங்கை. வந்த வேகத்தில் அழுதாள், மூக்கைத் துடைத்தாள், அம்மாவின் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

"நீ எப்படி இருக்கே அண்ணி?"

"எனக்கென்ன, இருக்கேன்" என்றாள் அம்மா.

யார் கேட்டாலும் அம்மா அதையே சொன்னாள். வருகிறவர்களுக்கு உட்கார இடம் காட்டினாள். தேநீர் கொடுத்தாயிற்றா என்று கண்ணாலேயே அவனிடம் கேட்டாள்.

"எங்க போனா உன் பொண்ணு?" என்றாள் அத்தை. "ஊருக்கெல்லாம் வண்டி அனுப்புறா. பெத்தவனுக்கு ஒரு வண்டி நேரத்துக்கு வரல. கடல் தாண்டிப் போய்ப் படிச்சுட்டு வந்து..."

"அத்தை" என்றான் அவன்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. நான் சொன்னா மட்டும் யார் கேக்கப்போறா? இந்த வீட்டுல என் பேச்சு என்னைக்கு எடுபட்டுச்சு?" கட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினாள். "என்னையே வண்டியிலேருந்து இறக்கிவிட்டவன்தானே இவன்!"

தையல்காரர் நிமிர்ந்தார். "உங்களையா?"

"பின்னே? கல்யாணமான புதுசு. ஏதோ ஞாபகத்துல டிக்கெட் வாங்காம உட்கார்ந்துட்டேன். இவன் ஏறுறான். அண்ணன்தானேன்னு நான் பல்லைக் காட்டுறேன். இவன் யாரோ மாதிரி வந்து நின்னு, 'டிக்கெட் எங்கம்மா?'ங்கிறான். அம்மாவாம்! பக்கத்துல என் வீட்டுக்காரர் வேற. நடுரோட்டுல இறக்கிவிட்டான்டா பாவி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பலகாரம் வாங்கிக் கொடுக்குறான். 'மத்தவங்களை இறக்கிவிட்டுட்டு உன்னை மட்டும் விட்டா, நாளைக்கு நான் எப்படி அந்த வண்டியில ஏறுவேன்?'னு கேக்குறான்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அத்தையும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தாள். அம்மாவின் உதடுகூட ஒரு கணம் கோணியது. அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்துவிட்டான்.

கதவு இருந்த இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபதை ஒட்டிய வயது. அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்கத் தட்டுவதற்குக் கதவு இல்லாமல், கையைப் பாதியில் வைத்திருந்தாள்.

"உள்ள வாம்மா" என்றான்.

அவள் வரவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கதானே சார் காலையில பேசினது? குரல் தெரியுது."

அவனுக்கும் அந்தக் குரல் தெரிந்தது. தட்டைக் கதவோரம் கீழே வைத்தான்.

"மேடத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன் சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாதுதான், இந்த நேரத்துல. ஆனா கேக்கலைன்னா..." அவள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள். "தாங்கலாம்னுதானே சார் சொன்னீங்க? நான் மாத்திக் குறிச்சுட்டேனா? முதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமாயிடுச்சு. என் கை மேலேயே நம்பிக்கை போயிடுச்சு."

உள்ளே அத்தையின் குரல் வேறு ஏதோ கதையைத் தொடங்கியிருந்தது.

"நீ சரியாத்தான் குறிச்சே" என்றான் அவன். "நான் அப்படித்தான் சொன்னேன்."

அவள் மூச்சை விட்டாள். நன்றி என்று சொல்ல வந்து, அது பொருந்தாது என்று நினைத்தோ என்னவோ, சொல்லாமல் விட்டாள்.

"இங்கேயே இரு. போயிடாதே."

தங்கை அப்பாவின் அறையில் இருந்தாள். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டைகளைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். ஒன்றின் காலர் நைந்திருந்தது. அப்பா எப்போதும் அதைத்தான் போடுவார்.

"குட்டி, நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் திரும்பினாள்.

"தாங்கலாம்னுதான் சொன்னேன். அப்பா அப்படித்தான் சொல்லச் சொன்னார்."

அவள் நைந்த சட்டையைக் கையில் எடுத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லு. நீயா எதையும் குறைக்காதே."

அவன் சொன்னான். வாயு என்றதையும், உட்கார்ந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றதையும், வரிசைப்படி வரட்டும் என்றதையும் சொன்னான். நம்ம பொண்ணு ஆபீசு என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி சொன்னான்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். போட்டு முடித்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"நான்தானே வந்து சொன்னேன், பொய் சொல்லி வண்டியைப் பிடிச்சு வச்சுக்கிறாங்கன்னு."

"அவருக்காகவா சொன்னே? யாரையோ பத்திச் சொன்னே."

"யாரையோ பத்தித்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டார்."

அவன் கட்டிலில் கிடந்த இன்னொரு சட்டையை மடித்தான்.

"எல்லா அழைப்பும் பதிவாகும்ணா" என்றாள். "நாளைக்கு நான் எடுத்துக் கேட்டிருப்பேன்."

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. கதவைக் கழற்றியபோது, அந்த ஒரு மத்தியானத்தைக் கடத்தினால் போதும் என்றுதான் இருந்தது.

"அப்பா பக்கத்துலதானே இருந்தார்? அவர் குரலும் அதுல இருக்கும்."

"இருக்கும்."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் பேசியபோது அது அலுவலகக் குரலாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை.

"தாங்கலாம்னு வேற யார் யாரெல்லாம் சொன்னாங்களோ."

அவன் அவள் தோளில் கை வைக்கப் போனான். அதற்குள் அவள் எழுந்து, நைந்த காலர் சட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு நடைக்குப் போனாள். அந்தப் பெண் சுவரில் சாய்த்திருந்த கதவின் பக்கத்தில் ஒடுங்கி நின்றிருந்தாள்.

"நீங்க சரியாத்தான் குறிச்சிருக்கீங்க" என்று தங்கை சொல்வது கேட்டது. "கேள்விதான் சரியில்ல. அது நான் எழுதினது. நாளைக்கு உங்க சீட்டுல நீங்க உட்காருங்க. இப்பவே சொல்லிடறேன்."

போனில் சொல்லவும் செய்தாள். அந்தப் பெண் கூடத்துக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். தான் வலியைக் கேட்டுக் குறித்தவரின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெயில் தணிந்தபோது அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பி வந்தபோது கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. யாரும் அந்த இடத்தில் நாற்காலியைப் போடவில்லை, சுற்றிக்கொண்டே நடந்தார்கள். அத்தை சமையலறையில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரர் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"மாமா, கால் எப்படி இருக்கு?" என்றாள் தங்கை.

"பரவாயில்லம்மா."

"வலி இருக்கா?"

"வயசானா இருக்கத்தானே செய்யும்? ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல."

அவள் விடவில்லை. "மொட்டை மாடியில தூங்குவீங்களே, படி ஏற முடியுதா?"

"மாடியா?" அவர் சிரித்தார். "அதையெல்லாம் விட்டாச்சு. தையல் மெஷின் பக்கத்துலயே படுத்துக்கிறேன். நடுவுல நின்னு நின்னு ஏறினா விடிஞ்சுடும்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவன் அவரிடமிருந்து நாற்காலிகளை வாங்கிக்கொண்டான். "விடுங்க, நான் கொண்டுவர்றேன்" என்றான். அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினார். இந்தப் படிகளில்தான் மத்தியானம் நாற்காலிகளோடு ஏறி வந்திருந்தார்.

அவன் கீழே போய்விட்டு வந்தபோது வீடு அடங்கியிருந்தது. அத்தை மேசையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே படுக்கப் போயிருந்தாள். அம்மா மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் நாற்காலியில் இல்லை, எதிரில்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றாள். "நான் அப்புறம் சாப்பிடறேன்."

"உனக்கு உடம்பு எப்படி இருக்கும்மா?" என்றான் அவன்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

தங்கை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முட்டிக்கு நேராக உட்கார்ந்தாள். நல்லாத்தான் இருக்கிறாயா என்று திருப்பிக் கேட்கவில்லை.

"அம்மா, காலையிலேருந்து என்ன குடிச்சே?"

அம்மா வாயைத் திறந்தாள். பதில் தயாராக இருப்பதுபோலத்தான் திறந்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். மூடிய பாத்திரங்களைப் பார்த்தாள்.

"அவருக்குத்தான் வெந்நீர் வச்சுக் கொடுத்தேன்" என்றாள்.

தங்கை எழுந்து குழாயைத் திறந்தாள். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, மேசையில் வைக்கவும் இல்லை. தம்ளருக்குள் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணனும் தங்கையும் அது அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.